நம் அக்கம்பக்கத்துக் கரும்பொருளின் எடை

பூமி அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தின் கனஅளவு சுமார் 1.08 லட்சம் கோடி கன கிலோமீட்டர். அந்த இடத்துக்குள் ஏதாவது ஒரு நொடியில் இருக்கும் கரும்பொருள் முழுவதையும் திரட்டித் தராசில் வைக்க முடிந்தால், முக்கால் கிலோ தேறும். நாம் உட்கார்ந்திருக்கும் அறையிலும் அது இருக்கிறது, நம் உடம்புக்குள்ளும் இருக்கிறது. நொடிக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் சுவரையும் தசையையும் பொருட்படுத்தாமல் அது கடந்துபோகிறது.

கரும்பொருளின் ஒரு துகளைக்கூட எந்த ஆய்வகமும் இதுவரை ஐயத்துக்கு இடமின்றிப் பிடித்ததில்லை. அது எதனால் ஆனது என்றும் தெரியாது. ஆனாலும் நம்மைச் சுற்றி எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடிகிறது. எப்படிச் சொல்கிறார்கள், அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் இந்த அத்தியாயம்.

வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970-இல் ஆண்ட்ரோமீடா மண்டலத்தின் சுழற்சியை அளந்த கதையைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அங்கே எழுந்த கேள்வி, கண்ணுக்குத் தெரியாத பொருள் இருக்கிறதா என்பது. இங்கே நாம் கேட்பது, சூரியன் இருக்கும் இடத்தில் அது எவ்வளவு என்பது. முதல் கேள்விக்கு ஒரு மண்டலத்தைத் தொலைவிலிருந்து முழுசாகப் பார்த்தால் போதும். இரண்டாவது கேள்விக்கு, நாம் குடியிருக்கும் மண்டலத்தை உள்ளே இருந்துகொண்டே அளக்க வேண்டும்.

கோள்கள் ஏன் உதவாது

சூரியக் குடும்பத்துக்குள்ளேயே அளந்துவிட முடியாதா என்று தோன்றும். கோள்களின் பாதைகளை மிகத் துல்லியமாக அறிவோம். கரும்பொருள் அவற்றை இழுத்தால் தெரியாமலா போகும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சூரியனை நடுவில் வைத்து நெப்டியூன் வரை ஒரு கோளம் வரைந்தால், அதற்குள் இருக்கும் கரும்பொருளின் மொத்த நிறை பூமியின் நிறையில் இரண்டு கோடியில் ஒரு பங்குதான். அறுபது கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சிறுகோளின் நிறை அது. சூரியனும் வியாழனும் இழுக்கும் இழுப்புக்கு நடுவே இதன் இழுப்பைப் பிரித்தெடுக்க வழியில்லை.

கரும்பொருள் எங்கும் மெல்லப் பரவியிருப்பது. விண்மீன்களோ அங்கங்கே திரண்டு கிடக்கும் கட்டிகள். சின்ன இடத்தை எடுத்துக்கொண்டால் கட்டிதான் ஜெயிக்கும். கட்டிகளுக்கு இடையிலுள்ள வெறுமையையும் சேர்த்துப் பெரிய இடமாக எடுத்தால்தான் பரவியிருப்பதன் பங்கு தலைகாட்டும். எனவே பல நூறு, சில ஆயிரம் ஒளியாண்டு அளவில்தான் இந்த வேலையைச் செய்ய முடியும். அங்கே நமக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி விண்மீன்களின் ஓட்டம்.

மேலே போய்த் திரும்பும் விண்மீன்கள்

பால்வெளி மண்டலத்தின் விண்மீன்களில் பெரும்பாலானவை தட்டையான ஒரு வட்டில் அமைந்து மையத்தைச் சுற்றுகின்றன. சூரியன் மையத்திலிருந்து சுமார் 26,700 ஒளியாண்டு தொலைவில், நொடிக்கு ஏறத்தாழ 230 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. சுற்றுவதோடு மேலும் கீழும் ஏறி இறங்கவும் செய்கிறது. வட்டின் நடுத்தளத்துக்கு இப்போது சுமார் 65 ஒளியாண்டு மேலே இருக்கிறோம். நொடிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறோம். சுமார் 300 ஒளியாண்டு உயரம் போனதும் தளத்தின் ஈர்ப்பு சூரியனைத் திருப்பிவிடும். பிறகு இறங்கி, தளத்தைத் துளைத்து மறுபக்கம் போய், மீண்டும் ஏறும். இப்படி ஒரு முழு ஏற்ற இறக்கத்துக்குச் சுமார் 8 கோடி ஆண்டு ஆகிறது.

கையிலிருந்து பந்தை மேலே வீசுகிறோம். என்ன வேகத்தில் வீசினோம், எவ்வளவு உயரம் போய்த் திரும்பியது என்ற இரண்டும் தெரிந்தால், பூமி என்ன விசையோடு இழுக்கிறது என்று சொல்லிவிடலாம். அதே வேகத்தில் சந்திரனில் வீசினால் ஆறு மடங்கு உயரம் போகும். விண்மீன்களிடமும் இதையேதான் கேட்கிறோம். நடுத்தளத்தைக் கடக்கும்போது அவற்றின் வேகம் என்ன? எவ்வளவு உயரம் வரை போகின்றன?

ஒரு விண்மீனைப் பின்தொடர்ந்து 8 கோடி ஆண்டு காத்திருக்க முடியாது. வானம் நமக்குத் தருவது ஒரே ஒரு கணத்தின் படம். அதனால் தனி ஒரு விண்மீனை விட்டுவிட்டு, ஒரே வகையைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான விண்மீன்களை எடுத்துக்கொள்கிறார்கள். எந்த உயரத்தில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுகிறார்கள். மேல் கீழ்த் திசையில் அவற்றின் வேகங்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று அளக்கிறார்கள். வேகச் சிதறல் அவற்றைத் தளத்திலிருந்து வெளியே பரப்பப் பார்க்கிறது. ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது. இரண்டும் சமநிலைக்கு வந்துவிட்டன என்று கொண்டால், ஈர்ப்பின் அளவு கணக்கிலிருந்து வெளியே வந்துவிடும்.

தோராயமான எண்களை வைத்து ஒருமுறை செய்து பார்க்கலாம். வானியலாளர்கள் தூரத்தைப் பார்செக்கில் சொல்வார்கள். ஒரு பார்செக் என்பது 3.26 ஒளியாண்டு. ஒரு வகை விண்மீன்களின் மேல் கீழ் வேகச் சிதறல் நொடிக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 300 பார்செக் ஏறும்போதெல்லாம் அவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறைகிறது என்றும் கொள்வோம். 20-ஐ வர்க்கப்படுத்தி 300-ஆல் வகுத்தால் 1.33. இதுதான் தளத்தை நோக்கிய இழுப்பு. இதே அலகுகளில் ஈர்ப்பு மாறிலி 0.0043. அதை 2π-ஆல் பெருக்கினால் 0.027. 1.33-ஐ 0.027-ஆல் வகுத்தால் 49 வரும்.

இந்த 49 சொல்வது இதுதான். நடுத்தளத்தில் ஒரு பார்செக் நீளமும் ஒரு பார்செக் அகலமும் உள்ள சதுரம் ஒன்றை வரைந்து, அதற்கு நேர் மேலும் நேர் கீழும், அளந்த உயரம் வரை இருக்கும் எல்லாப் பொருளையும் சேர்த்தால், 49 சூரியன்களின் நிறை இருக்கும். ஒளிர்கிறதா, ஒளிரவில்லையா என்ற பேச்சே இந்தக் கணக்கில் இல்லை. ஈர்ப்பு எதையும் விட்டுவைக்காமல் எண்ணிவிடுகிறது.

ஊர்ட்டின் கணக்கு

இந்த வழியைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர் நெதர்லாந்தின் யாக்கோபஸ் கப்தைன். விண்மீன்களின் எண்ணிக்கையையும் வேகத்தையும் கொண்டு அண்டையிலுள்ள மொத்தப் பொருளை மதிப்பிடலாம் என்றும், அதிலிருந்து ஒளிராத பொருளின் அளவை அறியலாம் என்றும் 1922-இல் எழுதினார். இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜீன்ஸும் அதே ஆண்டில் இதே திசையில் யோசித்தார். கப்தைனின் மாணவர் யான் ஊர்ட் 1932-இல் இதைச் செம்மையாகச் செய்து முடித்தார். சூரியனுக்கு அருகே ஒரு கன பார்செக்குக்கு 0.092 சூரிய நிறை இருக்க வேண்டும் என்று அவர் கண்டார்.

அன்று தெரிந்திருந்த விண்மீன்களைக் கூட்டினால் இந்த அளவு வரவில்லை. மீதி இடத்தை மங்கலான விண்மீன்களும் வாயுவும் தூசியும் நிரப்புகின்றன என்று ஊர்ட் கருதினார். இருண்ட பொருள் என்று அன்றைய வானியலாளர்கள் சொன்னது இவற்றைத்தான். புது வகைத் துகள் ஒன்றைப் பற்றிய எண்ணம் அப்போது எவரிடமும் இல்லை.

அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு இந்த எண் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஊர்ட்டே 1960-இல் மீண்டும் கணக்கிட்டபோது 0.15 வந்தது. அமெரிக்காவின் ஜான் பாக்கால் 1984-இல் 0.185 என்றார். அது சரியென்றால், வட்டுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கு நிகரான அளவில் தெரியாத பொருளும் படிந்திருக்க வேண்டும். 1989-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கொன்ராட் கைகனும் ஜெரார்ட் கில்மோரும் வட்டின் தென்முனைத் திசையில் ஆரஞ்சு நிறக் குறுமீன்களை எடுத்து அளந்தார்கள். வட்டுக்குள் கரும்பொருள் படிந்திருப்பதற்கு அடையாளமே இல்லை என்று அவர்களின் முடிவு சொன்னது.

அளந்தவர்கள் எல்லோரும் தேர்ந்தவர்கள். பிறகு ஏன் இத்தனை வேறுபாடு? தூரம்தான் காரணம். அன்று பெரும்பாலான விண்மீன்களின் தூரத்தை அவற்றின் நிறத்தையும் பிரகாசத்தையும் வைத்து ஊகிக்க வேண்டியிருந்தது. தூரம் பிசகினால் உயரமும் பிசகும். விண்மீன்களின் வகைகள் கலந்துபோனால் வேகச் சிதறலும் பிசகும். அதை வர்க்கப்படுத்தும்போது பிசகு பெருகும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் தூரத்தை நேரடியாக அளந்து, அந்தப் பட்டியல் 1997-இல் வெளியானது. அதைக் கொண்டு 1998-இல் பிரெஞ்சுக் குழு ஒன்று 0.076 என்றும், 2000-இல் ஹோம்பெர்க்கும் ஃப்ளினும் 0.102 என்றும் கண்டார்கள். பாக்காலின் 0.185 அதோடு விடைபெற்றது. எண் ஊர்ட்டின் 0.092-க்கு அருகிலேயே திரும்பி வந்து நின்றது.

தெரிந்த பொருளின் இருப்புக் கணக்கு

ஆக, மொத்தம் ஒரு கன பார்செக்குக்கு ஏறத்தாழ 0.1 சூரிய நிறை. இதில் கரும்பொருள் எவ்வளவு? விடைக்கு ஒரே வழிதான் உண்டு. சாதாரணப் பொருள் எவ்வளவு என்று தனியாக எண்ணி, மொத்தத்திலிருந்து கழிக்க வேண்டும். கரும்பொருளின் அளவு எப்போதுமே இரண்டு எண்களின் வித்தியாசம். இதைச் சொல்லாமல் அந்த எண்ணை மட்டும் சொன்னால், பாதி உண்மைதான் சொன்னதாகும்.

சாதாரணப் பொருளை எண்ணுவது எளிது என்று நினைக்கத் தோன்றும். விண்மீன்களைப் பார்ப்போம். நம் அண்டையில் உள்ளவற்றில் நான்கில் மூன்று செங்குறுமீன்கள். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியும் அந்த வகைதான். ஆனால் அதை வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. செங்குறுமீன்களுக்கும் கீழே, எரியத் தொடங்காமலே போன பழுப்புக் குறுமீன்கள் இருக்கின்றன. எரிந்து முடித்துக் குளிர்ந்துகொண்டிருக்கும் வெண்குறுமீன்களும் இருக்கின்றன. இரவு வானில் நாம் காண்பது இந்தக் கூட்டத்தின் பிரகாசமான சிறுபான்மையை மட்டுமே.

வாயுவை எண்ணுவது இன்னும் சிக்கல். அணுநிலையில் இருக்கும் ஹைட்ரஜன் 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ரேடியோ அலை வீசுகிறது, அதை அளந்துவிடலாம். ஆனால் குளிர்ந்த மேகங்களில் ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து மூலக்கூறாகிவிடுகின்றன. அந்தக் குளிரில் ஹைட்ரஜன் மூலக்கூறு எந்த ஒளியும் விடுவதில்லை. அதனால் அதோடு கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடின் 2.6 மில்லிமீட்டர் அலையை அளந்து, ஒரு மாற்று விகிதத்தால் பெருக்கி, இவ்வளவு ஹைட்ரஜன் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அந்த விகிதம் எல்லா மேகங்களுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. ஹீலியமோ இந்த வாயுவில் நேரடியாக அகப்படுவதே இல்லை. ஹைட்ரஜனின் அளவோடு சுமார் 40 விழுக்காடு கூட்டிக்கொள்கிறார்கள்.

கிறிஸ்டோபர் மெக்கீ, அந்தோணியோ பரவானோ, டேவிட் ஹாலன்பாக் மூவரும் 2015-இல் இந்த இருப்பு முழுவதையும் பொறுமையாக மறுபரிசீலனை செய்தார்கள். சூரியனுக்கு அருகே ஒரு கன பார்செக்குக்குச் சாதாரணப் பொருள் 0.084 சூரிய நிறை என்பது அவர்கள் கண்ட விடை. அதில் விண்மீன்கள் பாதி, வாயு பாதி. கரும்பொருளுக்கு மிஞ்சியது 0.013. மொத்தம் 0.097.

ஊர்ட்டின் 0.092-க்குப் பக்கத்தில் இந்த 0.097-ஐ வைத்துப் பாருங்கள். எண்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் மொத்தம் கிட்டத்தட்ட அதேதான். ஊர்ட் தேடிய காணாப் பொருளில் பெரும்பகுதி, அவர் நினைத்தபடியே வாயுவும் மங்கல் விண்மீன்களும்தான். நாம் இன்று கரும்பொருள் என்று சொல்வது அந்த மொத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 1932-இல் அது அளவீட்டுப் பிழைக்குள்ளேயே ஒளிந்து கிடந்தது.

கழித்தல்

பத்தில் ஒரு பங்கைத் தளத்தில் நின்றபடி பிரித்தெடுப்பது கடினம். அதனால் மேலே ஏற வேண்டும். விண்மீன்களும் வாயுவும் தளத்தை ஒட்டியே குவிந்திருக்கின்றன. ஆயிரம் பார்செக் உயரத்தில் அவை மிகவும் குறைந்துவிடுகின்றன. கரும்பொருள் அப்படியில்லை. மண்டலம் முழுவதையும் சூழ்ந்த பெரும் கோளமாக, ஹேலோவாக, அது பரவியிருக்கிறது. ஆயிரம் பார்செக் ஏறினாலும் அதன் அடர்த்தி பெரிதாக மாறுவதில்லை. உயர உயர, சாதாரணப் பொருளின் கணக்கு நின்றுவிடுகிறது; கரும்பொருளின் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது.

கைகனும் கில்மோரும் 1991-இல் தந்த எண்ணை எடுத்துக்கொள்வோம். தளத்துக்கு மேலும் கீழும் 1,100 பார்செக் வரை, ஒரு சதுர பார்செக்குக்கு 71 சூரிய நிறை. மெக்கீ குழுவின் இருப்புக் கணக்குப்படி அதில் சாதாரணப் பொருள் 47. கழித்தால் 24. இந்த 24 பரவியிருக்கும் உயரம், மேலும் கீழுமாக 2,200 பார்செக். வகுத்தால் 0.011. ஒரு கன பார்செக்குக்கு 0.011 சூரிய நிறை, அதாவது சுமார் பதினோரு வியாழன் கோள்களின் நிறை.

துகள் இயற்பியலாளர்கள் இதையே வேறு அலகில் சொல்வார்கள்: ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.4 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட். ஒரு புரோட்டானின் நிறை 0.94 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட். அப்படியானால் இரண்டரைக் கன சென்டிமீட்டருக்கு ஒரு புரோட்டான் அளவு. முதல் பத்தியில் வந்த முக்கால் கிலோ இந்த எண்ணைப் பூமியின் கனஅளவால் பெருக்கிக் கிடைத்தது.

பிழையையும் பார்த்துவிட வேண்டும். 71 என்ற எண்ணில் 6 கூடலாம், குறையலாம். 47-இல் 3 கூடலாம், குறையலாம். இரண்டுமே பத்து விழுக்காட்டுக்கும் குறைந்த பிழைகள். வானியலில் இது நல்ல அளவீடு. ஆனால் கழித்தபின் கிடைக்கும் 24-இல் பிழை ஏறத்தாழ 7. முப்பது விழுக்காடு! பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்துச் சிறிய எண்ணைப் பெறும் எவருக்கும் இது நேரும். கரும்பொருளின் அளவு பற்றி ஆய்வுகள் ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.3 முதல் 0.6 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் வரை பலவிதமாகச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

ஒரு அனுமானத்தின் விலை

2012 ஏப்ரலில் சிலி நாட்டிலிருந்து வந்த ஒரு முடிவு உலகச் செய்தியானது. கொன்செப்சியோன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் மோனி பிதின் தலைமையிலான குழு, நானூறுக்கும் மேற்பட்ட விண்மீன்களை 13,000 ஒளியாண்டு தூரம் வரை அளந்து, சூரியனுக்கு அருகே கரும்பொருள் இருப்பதற்கான தடயமே கிடைக்கவில்லை என்று அறிவித்தது. அது உண்மையாயிருந்தால், கரும்பொருள் துகளைத் தேடும் நிலத்தடி ஆய்வகங்களின் தேடலுக்கே பொருள் இல்லாமல் போயிருக்கும்.

சில வாரங்களிலேயே பிரின்ஸ்டன் உயராய்வு நிலையத்தின் ஜோ போவியும் ஸ்காட் டிரிமெய்னும் அதே அளவீடுகளை எடுத்துக்கொண்டு அமர்ந்தார்கள். அளவீடுகளில் குறையில்லை, ஓர் அனுமானத்தில் இருந்தது. அவ்வளவு உயரத்தில் ஈர்ப்பைக் கணக்கிட, மையத்திலிருந்து விலக விலக விண்மீன்களின் சுற்றுவேகம் எப்படி மாறுகிறது என்று தெரிய வேண்டும். அந்தச் சராசரி வேகம் எல்லா உயரத்திலும் தூரத்தோடு மாறாமல் இருக்கிறது என்று சிலிக் குழு கொண்டிருந்தது. உண்மையில் தூரத்தோடு பெரிதாக மாறாதது, தளத்தில் சரியான வட்டப் பாதையில் ஓடும் ஒரு பொருளின் வேகம். உயரத்தில் ஏறி இறங்கும் விண்மீன்கள் குறுக்கும் நெடுக்குமாக அலைவதில் தங்கள் வேகத்தைச் செலவிடுகின்றன. அதனால் சுற்றுவதில் பின்தங்குகின்றன. அந்தப் பின்தங்கல் எல்லாத் தூரத்திலும் ஒரே அளவல்ல.

இந்த ஓர் அனுமானத்தைத் திருத்தியதும், அதே நானூறு விண்மீன்கள் 0.3 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் என்ற விடையைத் தந்தன. அளவீட்டுக்கும் விடைக்கும் நடுவில் அனுமானங்கள் எவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்திருக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இந்தத் துறையில் இல்லை.

கையா காட்டிய சுருள்

2013 டிசம்பர் 19-இல் ஏவப்பட்ட கையா விண்கலம் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று, நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்தது. 2018 ஏப்ரலில் அதன் இரண்டாவது தரவுத் தொகுப்பு வெளியானபோது, இனி பிழைகள் சுருங்கிவிடும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. தூரத்தின் பிழையும் வேகத்தின் பிழையும் சுருங்கத்தான் செய்தன. கூடவே எதிர்பாராத ஒன்றும் வந்து சேர்ந்தது.

பார்சிலோனா பல்கலைக்கழகத்தின் தெரேசா அந்தோஹாவும் அவர் குழுவினரும் அண்டை விண்மீன்களை ஒரு வரைபடத்தில் இட்டார்கள். கிடைமட்டத்தில் தளத்திலிருந்து உயரம், செங்குத்தில் மேல் கீழ் வேகம். எல்லாம் சமநிலையில் இருந்தால் புள்ளிகள் சீரான நீள்வட்டங்களாக அமைய வேண்டும். ஆனால் படத்தில் வந்தது தெளிவான ஒரு சுருள். வட்டு கலங்கியிருக்கிறது, இன்னும் அடங்கவில்லை என்பதற்கான கையெழுத்து அது. 30 கோடி முதல் 90 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒன்று வட்டை உலுக்கியிருக்க வேண்டும் என்று அவர்கள் கணித்தார்கள். தனுசு ராசித் திசையில் நம் மண்டலத்தோடு மோதிச் சிதைந்துகொண்டிருக்கும் சிறு விண்மீன் மண்டலம் ஒன்று வட்டைக் கடந்துபோனது காரணமாக இருக்கலாம்.

ஊர்ட் காலம் முதல் எல்லாக் கணக்கும் சமநிலை என்ற அடித்தளத்தின் மேல் நின்றது. அந்த அடித்தளம் முழு உண்மையல்ல என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் இதிலும் ஒரு வழி பிறந்தது. சுருள் எவ்வளவு வேகமாகச் சுற்றிக்கொள்கிறது என்பது, எந்த உயரத்தில் ஏற்ற இறக்கத்துக்கு எவ்வளவு காலம் ஆகிறது என்பதைப் பொறுத்தது. அதை முடிவு செய்வது ஈர்ப்பு. ஆகவே சுருளின் வடிவத்திலிருந்தே ஈர்ப்பைப் பின்னோக்கிக் கணக்கிடும் முறைகள் இப்போது உருவாகியுள்ளன.

இன்னொரு பக்கத்திலிருந்தும் இதே எண்ணை அணுகலாம். மண்டலம் முழுவதன் சுழற்சியை அளந்து, ஹேலோ கோள வடிவம் என்று கொண்டு, சூரியன் இருக்கும் தூரத்தில் அதன் அடர்த்தியைக் கணிக்கலாம். 2019-இல் கிறிஸ்டினா ஐலர்ஸும் குழுவினரும் இப்படிச் செய்து 0.30 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் என்று கண்டார்கள், பிழை 0.03 மட்டுமே. பிழை சிறிதாக இருக்கக் காரணம், கோள வடிவம் என்ற அனுமானம் அதற்குள் பொதிந்திருப்பது. உள்ளூர் அளவீடு இதைவிடக் கூடுதலாக வந்தால், ஹேலோ மேலும் கீழும் அழுந்தித் தட்டையாக இருக்கிறது என்று பொருள். குறைவாக வந்தால், செங்குத்தாக நீண்டிருக்கிறது என்று பொருள். இரண்டு வழிகளும் ஒத்துப்போவதும் செய்தி, ஒத்துப்போகாததும் செய்தி.

இழுப்பை நேரே அளப்பது

சமநிலை அனுமானமே இல்லாமல் இழுப்பை நேரடியாக அளக்க முடியாதா? ஒரு விண்மீனின் வேகத்தை இன்று அளந்து, பத்தாண்டு கழித்து மறுபடி அளந்தால், வேகம் மாறியிருக்கும். அந்த மாற்றம்தான் முடுக்கம். தளத்துக்கு ஆயிரம் பார்செக் மேலே இருக்கும் ஒரு விண்மீனின் வேகம் பத்தாண்டில் எவ்வளவு மாறும் என்று பாருங்கள்: நொடிக்கு இரண்டு சென்டிமீட்டர். ஒரு எறும்பின் நடை வேகத்தை, ஆயிரக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பால், கொதித்துக் குமுறும் ஒரு விண்மீனின் மேற்பரப்பில் படிக்க வேண்டும்.

இயற்கை இதற்குப் பொருத்தமான கடிகாரம் ஒன்றை வைத்திருக்கிறது. பல்சர்கள் சுழன்றுகொண்டே சீரான ரேடியோ துடிப்புகளை அனுப்புகின்றன. துணையோடு சேர்ந்து சுற்றும் பல்சரின் சுற்றுக்காலம், மண்டலத்தின் ஈர்ப்பு அதை முடுக்குவதால் மிகச் சிறிதளவு மாறித் தெரியும். சுகன்யா சக்ரபர்த்தியும் குழுவினரும் 2021-இல் இத்தகைய 14 இரட்டைப் பல்சர்களைக் கொண்டு, நடுத்தளத்தின் மொத்த அடர்த்தி ஒரு கன பார்செக்குக்கு 0.08 சூரிய நிறை என்று அளந்தார்கள். வேறு வழியில் வந்தும் பழைய எண்ணுக்கு அருகிலேயே நிற்கிறது. அதிலிருந்து கரும்பொருளைக் கழித்தெடுக்கும் அளவுக்குப் பிழை இன்னும் சுருங்கவில்லை. பல்சர்கள் கூடும்போதும் ஆண்டுகள் சேரும்போதும் அது சுருங்கும்.

சுரங்கத்தில் இந்த எண்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், ஒரு காலத்தில் தங்கம் வெட்டிய சுரங்கத்தில், சுமார் 1,480 மீட்டர் ஆழத்தில் ஏழு டன் திரவ செனான் காத்திருக்கிறது. இத்தாலியில் கிரான் சாஸோ மலைக்கடியிலும் சீனாவில் ஜின்பிங் மலைக்கடியிலும் இதே போன்ற தொட்டிகள் உள்ளன. நம் நாட்டில் ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில், சுமார் 550 மீட்டர் ஆழத்தில் ஓர் ஆய்வகம் இந்தத் தேடலுக்காக அமைந்திருக்கிறது. கரும்பொருள் துகள் ஒன்று எப்போதாவது ஓர் அணுக்கருவை இடிக்கும், அதை உணர்ந்துவிடலாம் என்பதுதான் எல்லோருடைய நம்பிக்கையும்.

ஆண்டுக்கு எத்தனை மோதல் எதிர்பார்க்கலாம்? துகளின் நிறை புரோட்டானைப் போல் நூறு மடங்கு என்று வைத்துக்கொண்டால், நம் கட்டைவிரல் நகத்தளவு பரப்பு வழியாக நொடிக்குச் சுமார் ஒரு லட்சம் துகள்கள் போகின்றன. இந்த ஒரு லட்சம், மேலே பார்த்த 0.4 என்ற அடர்த்தியிலிருந்து நேராக வருகிறது. அடர்த்தி பாதியானால் இதுவும் பாதியாகும். மோதல்களின் எண்ணிக்கை என்பது எத்தனை துகள் வருகிறது, அவற்றில் எத்தனை இடிக்கிறது என்ற இரண்டின் பெருக்கல். ஆய்வகத்தால் இந்தப் பெருக்கலை மட்டுமே பார்க்க முடியும். பிரித்துப் பார்க்க முடியாது. முதல் பாதியை வானியலாளர்தான் தர வேண்டும். செனான் ஆய்வகங்கள் ஒன்றோடொன்று ஒப்பிட வசதியாக 0.3 என்று வைத்துக்கொள்கின்றன. ஆக்ஸியான் என்ற வேறு வகைத் துகளைத் தேடும் சியாட்டில் ஆய்வு 0.45 என்று கொள்கிறது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. விண்மீன்கள் தந்த எண், பல ஆயிரம் ஒளியாண்டு உயரமுள்ள ஒரு பகுதியின் சராசரி. ஆய்வகம் கேட்பதோ பூமி இப்போது இருக்கும் இடத்தின் அடர்த்தி. பத்தாண்டு இயங்கும் ஒரு சோதனைக் காலத்தில், பூமி சூரியனோடு சேர்ந்து மண்டலத்தில் கடக்கும் தூரம் 7,300 கோடி கிலோமீட்டருக்கும் குறைவு. ஒளி மூன்று நாளில் கடந்துவிடும் தூரம். இந்த மெல்லிய இழையின் அடர்த்தியும் அந்தப் பெரும் பகுதியின் சராசரியும் ஒன்றே என்று நாம் இப்போது ஏற்றுக்கொண்டிருக்கிறோம். கரும்பொருள் சீராகப் பரவியிருந்தால் அது சரி. சின்னச் சின்னத் திரள்களாகக் கட்டியிருந்தால், நாம் ஒரு வெற்றிடத்தைக் கடந்துகொண்டிருக்கவும் கூடும்.

அதனால்தான் இந்த எண்ணில் விழுக்காடு விழுக்காடாகப் பிழையைக் குறைப்பது வீண் வேலை அல்ல. கையாவின் நான்காவது தரவுத் தொகுப்பு 2026 டிசம்பரில் வெளியிடத் திட்டமிடப்பட்டிருக்கிறது. விண்மீன்களின் பக்கத்துப் பிழை அதில் மேலும் சுருங்கும். அதற்கு இணையாகக் குளிர்ந்த மேகங்களில் எவ்வளவு ஹைட்ரஜன் இருக்கிறது என்ற பழைய கேள்வியையும் கூர்மையாக்க வேண்டும்; கழிக்கும் எண் தெளியாமல் கழித்து வரும் எண் தெளியாது. என்றாவது ஒருநாள் துகள் அகப்பட்டு, அது எவ்வளவு எளிதில் இடிக்கிறது என்று துகள் முடுக்கிகள் தனியே சொல்லிவிட்டால், கணக்கு திசை மாறும். அப்போது சுரங்கத் தொட்டிகளே பூமியின் வழியிலுள்ள அடர்த்தியை நேரடியாகச் சொல்லும். அதை விண்மீன்கள் சொன்ன 0.011 சூரிய நிறையோடு ஒப்பிடலாம். இரண்டும் பொருந்தினால் கரும்பொருள் சீராகப் பரவியிருக்கிறது என்று உறுதியாகும். பொருந்தாவிட்டால், அது எப்படித் திரண்டிருக்கிறது என்ற அடுத்த கேள்வியைக் கேட்க நமக்கு முதன்முறையாக ஓர் அளவுகோல் கிடைத்திருக்கும்.